டார்ச் வெளிச்சம் விழுகிற அளவு

அன்புள்ள அண்ணாச்சிக்கு,

அம்பாசமுத்திரத்தில் இருந்து எழுதுகிறேன். பள்ளியில் கணக்கு டீச்சராக இருக்கிறேன். என் மகள் ஏழாவது படிக்கிறாள். எந்நேரமும் படம் வரைந்துகொண்டிருப்பாள். கொச்சியில் நடக்கிற பெரிய கலைக் கண்காட்சியான பினாலேயைப் பற்றி யூடியூபில் பார்த்துவிட்டு, கூட்டிப்போ என்று ஒரே பிடிவாதம். அரையாண்டு லீவில் இரண்டு நாள் போய்வரலாம் என்று இருக்கிறோம்.

எனக்குத்தான் பயமாக இருக்கிறது. முன்பு ஒரு தடவை சென்னையில் ஓர் ஓவியக் கண்காட்சிக்குப் போயிருந்தோம். ஒரு அறையில் உடைந்த நாற்காலி ஒன்று கிடந்தது. எல்லாரும் சுற்றி நின்று பார்த்தார்கள். எனக்கு ஒன்றுமே தோன்றவில்லை. என் கணவர், "இது ரிப்பேருக்கு வந்ததா?" என்று சத்தமாகவே கேட்டுவிட்டார். வெட்கமாகப் போய்விட்டது.

இரண்டு நாளில் எல்லாவற்றையும் பார்த்துவிட முடியுமா? போவதற்கு முன் என்ன படித்துக்கொள்ள வேண்டும்?

பி.கு.: அங்கே உட்கார்ந்து வரையலாமா என்று மகள் கேட்கச் சொன்னாள்.

ச., அம்பாசமுத்திரம்

அன்புள்ள டீச்சருக்கு,

முதலில் ஒன்று. உங்கள் வீட்டுக்காரரை விட்டுவிட்டுப் போய்விடாதீர்கள். அந்த அறையில் நாற்காலியைப் பார்த்தவர் அவர் ஒருவர்தானோ என்று எனக்குச் சந்தேகம். கால் உடைந்திருக்கிறது, யாரோ சரிசெய்யக் கொண்டுவந்தது போல் இருக்கிறது என்று அவருக்காவது தோன்றியிருக்கிறது. மற்றவர்களில் பாதிப் பேர் பக்கத்தில் நிற்பவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்திருப்பார்கள். நானும் அந்தக் கூட்டத்தில் நிறைய நாள் நின்றவன்தான்.

எல்லாவற்றையும் பார்க்க முடியாது. நான் முயன்று பார்த்து நொந்தவன். 2014-ல் முதல் தடவை போனபோது கையில் ஒரு பட்டியல் வைத்திருந்தேன். ஒரே நாளில் எட்டு இடம். ஒவ்வொன்றாக டிக் அடித்துக்கொண்டே ஓடினேன். ராத்திரி லாட்ஜில் செருப்பைக் கழற்றினால் கால் இட்லி மாதிரி வீங்கியிருக்கிறது, போனில் முந்நூறு போட்டோ. இன்றைக்கு அந்தப் போட்டோக்களைப் பார்த்தால், இந்த இடத்துக்கெல்லாம் நான் போனேனா என்று எனக்கே கேள்வி வருகிறது.

ஒன்று மட்டும் நினைவில் நின்றது. பினாலே நடந்த பழைய கட்டடமான ஆஸ்பின்வால் ஹவுஸில் கடல் பக்கமாக ஒரு அறை. தரையில் பெரிய வட்டக் குழி, அதற்குள் கறுப்பாகத் தண்ணீர் ஓயாமல் சுழன்றுகொண்டிருந்தது. நடுவில் அடி தெரியாத பள்ளம். அடியிலிருந்து ஒரு உறுமல். அனிஷ் கபூர் என்ற சிற்பி செய்தது. அப்போது எனக்கு அந்தப் பெயரெல்லாம் உறைக்கவில்லை. சின்ன வயதில் ஆற்றுக்குக் குளிக்கப் போகும்போது அம்மா சொல்வாள், "அந்தப் பாறைக்கு அங்கிட்டுப் போவாதல, சுழி இருக்கு, இழுத்துட்டுப் போயிரும்" என்று. தாமிரபரணிக் கரையில் வளர்ந்த எல்லாருக்கும் அப்படி ஒரு பாறை இருக்கும். அந்தச் சுழியை நான் பயந்திருக்கிறேனே தவிர ஒருநாளும் பார்த்ததில்லை. இங்கே அது காலடியில், கம்பி வேலிக்கு அந்தப் பக்கம் நிற்கிறது. அரைமணி நேரம் அசையவில்லை. பட்டியல் அங்கேதான் பிசகியது.

அதனால் நான் சொல்வது இதுதான்: ஒரு நாளைக்கு இரண்டு இடம், அதற்குள் பத்துப் பன்னிரண்டு படைப்பு, அவற்றிலும் நின்று பார்ப்பது மூன்றோ நாலோ. அதற்கு மேல் கண் திறந்திருக்கும், ஆனால் உள்ளே ஒன்றும் போகாது.

என்ன படிக்க வேண்டும் என்றால், ஒன்றும் வேண்டாம். பெயரை மட்டும் தெரிந்துகொள்ளுங்கள். பினாலே என்றால் இத்தாலிய மொழியில் இரண்டு வருடத்துக்கு ஒன்று. வெனிஸில் 1895-ல் தொடங்கிய வழக்கம். கொச்சியில் 2012 டிசம்பர் 12-ம் தேதி ஆரம்பித்தார்கள், மூன்று பன்னிரண்டு. ஓவியர்கள் போஸ் கிருஷ்ணமாச்சாரியும் ரியாஸ் கோமுவும் முன்னால் நின்று தொடங்கியது. முழுப்பெயர் கொச்சி முசிரிஸ் பினாலே. முசிரிஸ் வேறொன்றுமில்லை, நம்முடைய முசிறிதான். யவனர் கப்பல் பொன்னோடு வந்து மிளகோடு திரும்பியதாக அகநானூறு பாடுகிற அதே துறைமுகம். 1341-ல் பெரியாற்றில் வந்த வெள்ளத்தில் முசிறி தூர்ந்து, கொச்சியில் கடல்வாய் திறந்தது என்பார்கள். முத்துக்குப் பேர்போன கொற்கை இன்று கடலை விட்டு உள்ளே தள்ளி வயலுக்கு நடுவில் கிடக்கிறதே, அதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்.

படிப்பதற்குப் பதிலாக ஒரு வேலை செய்யுங்கள். போவதற்கு முந்தின ஏதாவது ஒரு ஞாயிற்றுக்கிழமை மகளைக் கூட்டிக்கொண்டு திருப்புடைமருதூர் போய்வாருங்கள். கடனாநதி தாமிரபரணியில் சேருகிற இடத்தில் நாறும்பூநாதர் கோயில். உங்களுக்குப் பக்கம்தான், சாமி கும்பிடப் பல தடவை போயிருப்பீர்கள். நான் சொல்வது கோபுரத்துக்கு உள்ளே. ஐந்து நிலைக் கோபுரம், உள்ளே ஏறினால் மரச்சிற்பங்களும் சுவர் முழுக்க நாயக்கர் காலத்து ஓவியங்களும். கோயிலில் கேட்டு அனுமதி வாங்கிக்கொண்டுதான் ஏற வேண்டும். உள்ளே இருட்டு, குறுகலான படி, வௌவால் வாடை. டார்ச் அடித்தால் அந்த வட்டத்துக்குள் என்ன விழுகிறதோ அதுதான் தெரியும். ஒரு கை, ஒரு யானையின் கண், வரிசையாக ஈட்டி. முழுச்சுவரையும் ஒரே பார்வையில் பார்த்துவிட முடியாது. துண்டு துண்டாகப் பார்த்து மனதுக்குள் ஒட்டிக்கொள்ள வேண்டும். அங்கே ஒரு கப்பல் இருக்கிறது, குதிரைகளை ஏற்றிக்கொண்டு வருகிற கப்பல். கடல் தாண்டிக் குதிரை வியாபாரம் நடந்த காலம் அது.

கொச்சியிலும் அப்படியே பாருங்கள். கையில் டார்ச் இருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். உள்ளே போனதும் சுவரில் ஒட்டியிருக்கிற விளக்கத்தைப் படிக்காதீர்கள். அதைப் படித்துவிட்டால் நாம் டீச்சர் கொடுத்த கோனார் நோட்ஸை வைத்துப் பாடத்தைச் சரிபார்க்கிற பையன் ஆகிவிடுவோம். முதலில் என்ன பொருள், எவ்வளவு பெரிசு, என்ன வாசம், சத்தம் எங்கிருந்து வருகிறது, இதை மட்டும் பாருங்கள். அப்புறம் படியுங்கள். அப்புறம் திரும்ப ஒரு தடவை பாருங்கள்.

2016-ல் நடந்த பதிப்பில் ராவுல் சூரிட்டா என்ற சிலி நாட்டுக் கவிஞர் ஒரு கிடங்கு முழுக்கக் கடல் தண்ணீரை நிரப்பிவைத்திருந்தார். வேட்டியை மடித்துக் கட்டி, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு இறங்கினேன். தண்ணீர் கெண்டைக்காலுக்கு மேலே ஏறியது. சுவர்களில் இரண்டிரண்டு வரியாகக் கேள்விகள். கடைசிச் சுவரில் உள்ள கவிதையைப் படிக்க வேண்டுமானால் அந்தக் கோடி வரைக்கும் தண்ணீரிலேயே நடந்தாக வேண்டும். 2015-ல் துருக்கிக் கடற்கரையில் ஒதுங்கிய சிரியாக் குழந்தை அய்லானின் படத்தை நாமெல்லாம் பார்த்தோம் அல்லவா, அவனோடு அதே படகில் மூழ்கிய அவன் அண்ணன் காலிப்பைப் பற்றிய கவிதை அது. அந்தப் பையனின் படம் நம்மில் பலர் கண்ணில் படவே இல்லை. படித்து முடித்த பிறகு வெளியே வருவதற்கு வேறு வாசல் கிடையாது. அதே தண்ணீரில் அவ்வளவு தூரமும் திரும்பி நடக்க வேண்டும். அந்தத் திரும்பி நடந்த நடையை என்னால் இன்றைக்கும் மறக்க முடியவில்லை. இதில் "புரிவதற்கு" என்ன இருக்கிறது சொல்லுங்கள். (மகளுக்குச் சீக்கிரம் காய்கிற துணியாகப் போட்டுக் கூட்டிப்போங்கள். இப்படி எதுவும் வரலாம்.)

எல்லாம் இப்படி இருக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். பாதிக்குப் பாதி எனக்கும் ஒட்டாது. சிலவற்றில் விளக்கத்தாள் பெரிதாக இருக்கும், படைப்பு சிறிதாக இருக்கும். அவற்றை இரண்டு நிமிடத்தில் தாண்டிப் போகலாம், ஒரு குற்றமும் இல்லை. வீடியோ படைப்புகள்தான் நேரத்தைத் தின்னும். ஒவ்வொன்றிலும் ஐந்து நிமிடம் எட்டிப்பார்த்து வருவது வீண். ஏதாவது ஒன்றில் முதலிலிருந்து கடைசிவரை உட்காருங்கள், கால்வலிக்கும் நல்லது. அறைகளில் கழுத்தில் அட்டை மாட்டிய இளம்பிள்ளைகள் நிற்பார்கள். அவர்களிடம் இதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டால் மனப்பாடமாக ஒன்று சொல்வார்கள். "நீங்கள் தினமும் இங்கே நிற்கிறீர்களே, உங்களுக்கு எது பிடிக்கும்?" என்று கேளுங்கள். அவர்கள் முகமே மாறும், பேச்சும் மாறும். நம் தமிழும் அவர்கள் மலையாளமும் சேர்ந்தால் எல்லாம் பேசிவிடலாம்.

தேதியைப் பற்றி ஒரு வார்த்தை. அரையாண்டு லீவில் போகாதீர்கள். கிறிஸ்துமஸுக்கும் புத்தாண்டுக்கும் இடையில் ஃபோர்ட் கொச்சியில் கார்னிவல், டிசம்பர் 31 ராத்திரி பாப்பாஞ்சி என்ற பெரிய பொம்மையை எரிப்பார்கள். அந்த வாரம் நம் நெல்லையப்பர் தேரோட்டக் கூட்டம்தான், அறை கிடைத்தாலும் விலை கேட்க முடியாது. தவிர, தொடக்க நாட்களில் சில படைப்புகள் இன்னும் ஆணி அடித்துக்கொண்டிருக்கும். 2022-ல் திறப்பே 12-லிருந்து 23-ம் தேதிக்குத் தள்ளிப்போனது. பொங்கல் கழிந்து ஒரு சனி ஞாயிறு பாருங்கள்.

பாலருவி எக்ஸ்பிரஸில் ராத்திரி அம்பையிலேயே ஏறிக்கொள்ளலாம். காலையில் எர்ணாகுளம் டவுன் ஸ்டேஷன், அங்கே அதை நார்த் என்பார்கள். செங்கோட்டை கணவாயும் பதின்மூன்று கண் பாலமும் தூக்கத்தில் போய்விடும், அதுதான் ஒரே குறை. அங்கிருந்து ஃபோர்ட் கொச்சிக்கு ஆட்டோவில் பாலம் சுற்றிப் போகாதீர்கள். படகில் போங்கள், அரசுப் படகோ வாட்டர் மெட்ரோவோ. வந்து இறங்கும்போதே கண் மெதுவாகிவிடும்.

சனிக்கிழமை ஃபோர்ட் கொச்சி, ஞாயிறு மட்டாஞ்சேரி என்று வைத்துக்கொள்ளுங்கள். காரணம், சனிக்கிழமை யூதர் ஜெபாலயம் மூடியிருக்கும். 1568-ல் கட்டியது, தரை முழுக்கக் கையால் வரைந்த நீலச் சீன ஓடு. மட்டாஞ்சேரி அரண்மனையையும் பார்த்துவிடுங்கள். போர்த்துக்கீசியர் 1555 வாக்கில் கட்டிக் கொடுத்தது, டச்சுக்காரர் பிறகு பழுதுபார்த்தார்கள். உள்ளே ராஜாவின் படுக்கையறைச் சுவரெல்லாம் ராமாயணம். பினாலேக்கும் அதற்கும் சம்பந்தமில்லைதான். ஆனால் திருப்புடைமருதூர் பார்த்த கண்ணோடு போனால் உங்கள் மகளே இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பேச ஆரம்பித்துவிடுவாள். பினாலே எந்தெந்தக் கட்டடத்தில் என்பது ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் மாறும், கவுண்டரில் வரைபடம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

உங்கள் வீட்டுக்காரருக்கு இரண்டு விஷயம் சொல்கிறேன். ஒன்று, கடற்கரைச் சீன வலை. ஆளுயரத்துக்கு மேல் கழிகளில் கட்டிய வலையை நாலைந்து பேர் கயிறு பிடித்துத் தூக்குவார்கள். எதிர்ப்பக்கம் வேறுவேறு நீளக் கயிற்றில் கல் தொங்கும். வலை ஏற ஏறக் கல் ஒவ்வொன்றாகத் தரையில் உட்கார்ந்து, பாரம் அதற்குத் தக்கபடி குறையும். நெம்புகோல் கணக்கை நீங்கள் அங்கேயே நடத்திவிடலாம்.

இன்னொன்று, வெளி என்ற பெயருள்ள மைதானத்துப் பக்கம் இருக்கிற டோபி கானா. அங்கே துவைப்பவர்கள் தமிழ் வழி வண்ணார் குடும்பங்கள், டச்சுக்காரர் காலத்தில் பட்டாளத்துத் துணி வெளுக்க வந்தவர்களின் வாரிசுகள் என்று சொல்கிறார்கள். ஆளுக்கு ஒரு கல்தொட்டி. கொடியில் ஒரு கிளிப் கிடையாது. இரண்டு புரி முறுக்கிய கயிற்றின் இடுக்கில் துணியின் நுனியைச் செருகிவிடுகிறார்கள், எந்தக் காற்றுக்கும் அசையாது. வெள்ளை வெள்ளையாக வரிசை கட்டிக் காயும். நான் போனபோது ஒரு பெரியவர் கஞ்சி போட்ட வேட்டியை உதறிக்கொண்டே, "எந்த ஊரு?" என்று தமிழில் கேட்டார். திருநெல்வேலி என்றேன். "அங்க மழை உண்டா?" என்றார். அன்றைக்குப் பார்க்க வேண்டிய ஒரு கட்டடத்தை விட்டுவிட்டு அங்கேயே இருந்துவிட்டேன்.

மகளிடம் சொல்லுங்கள், தாராளமாக வரையலாம். ஒரு சின்ன நோட்டும் பென்சிலும் போதும், பெயின்ட் டப்பா வேண்டாம். குழந்தைகளுக்கென்று தனியாக வரைய இடமும் ஆட்களும் ஏற்பாடு செய்கிற வழக்கம் உண்டு, போனவுடன் விசாரியுங்கள். போனை அவள் கையில் கொடுக்காதீர்கள். எதன் முன்னால் அதிக நேரம் நிற்பது என்பதை ஒரு நாளாவது அவள் முடிவு செய்யட்டும், நீங்கள் பின்னால் போங்கள்.

அவளுக்கு என் பங்குக்கு ஒரு வீட்டுப்பாடம். திருப்புடைமருதூரில் அந்தக் குதிரைக் கப்பலைப் பார்த்து வரையச் சொல்லுங்கள். கொச்சிக் கரையில் நின்றால் கன்டெய்னர் கப்பல் ஒன்று கட்டடம் நகர்கிற மாதிரிப் போகும், அதையும் பக்கத்துத் தாளில் வரையட்டும். இரண்டையும் எனக்கு அனுப்புங்கள். கப்பலில் குதிரை எத்தனை என்று சரியாக எண்ணச் சொல்லுங்கள். நான் போகும்போதெல்லாம் ஒவ்வொரு எண்ணிக்கை வருகிறது. போன தடவை பாதி எண்ணும்போதே டார்ச் அணைந்துவிட்டது. புது பேட்டரி போட்டுக்கொண்டு போங்கள்.

அன்புடன்,
அண்ணாச்சி