டோலண்டின் அந்தத் தம்ளர் ஷாட்

அந்தத் தம்ளர் ஷாட் லென்ஸ் வேலை இல்லை, இரட்டை எக்ஸ்போஷர் (ஒரே பிலிமில் இரண்டு முறை படம் பதிப்பது). ‘சிட்டிசன் கேன்’ (1941) படத்தில் கேனின் மனைவி சூசனின் படுக்கையோரத் தம்ளரும் தூரத்துக் கதவும் ஒன்றாகத் தெளிவாகத் தெரிய எந்த லென்ஸ் என்று கேட்டிருந்தீர்கள். முதலில் தம்ளரை எடுத்து, பிலிமைப் பின்னோக்கிச் சுற்றி, அப்புறம் கதவுப் பக்கம் ஒளியமைத்து அதே பிலிமில் எடுத்தார்கள்.

படத்தின் ஒளிப்பதிவாளர் கிரெக் டோலண்ட் என்றாலே டீப் ஃபோகஸ் (அருகில் இருப்பதும் தூரத்தில் இருப்பதும் ஒன்றாகத் தெளிவாகத் தெரிவது) என்று படித்துப் படித்து வந்த குழப்பம் இது.

காட்சியை நிறுத்தி, நடுவில் படுத்திருக்கும் சூசனைப் பாருங்கள். முன்னும் பின்னும் தெளிவு, அவர் மட்டும் மங்கல். சாதாரண லென்ஸில், ஒரே எக்ஸ்போஷரில் அப்படி வராது.

அதற்காகப் படம் முழுக்கத் தந்திரம் என்று எழுதிவிடாதீர்கள். பல ஷாட்கள் அசல் டீப் ஃபோகஸ்தான்: அகலக் கோண லென்ஸ், எஃப் 8 அல்லது அதைவிடச் சிறிய லென்ஸ் துளை, பிரகாசமான ஆர்க் விளக்கு, குறைந்த ஒளியிலும் பதியும் ‘வேகமான’ பிலிம்.