இருபத்தொரு நொடிக்குப் பிறகு

(ஈரோட்டில் நீச்சல் பயிற்றுநராக இருக்கிறேன். வந்த கேள்விகளுக்கு என் பதில்கள்.)

கோபிச்செட்டிபாளையம் வாசகர்: விரைவு நீச்சல் வீரர்கள் ஓய்வுக்குப் பிறகு என்ன செய்கிறார்கள்?

அமெரிக்காவின் ஆந்தனி எர்வின் 2000 சிட்னி ஒலிம்பிக்கில் 50 மீட்டர் ஃப்ரீஸ்டைலை 21.98 நொடியில் நீந்தி, சக நாட்டவரான கேரி ஹால் ஜூனியருடன் தங்கத்தைப் பகிர்ந்துகொண்டபோது அவருக்கு வயது 19. 22 வயதிலேயே போட்டியை விட்டுவிட்டார். நம் நாகப்பட்டினத்தையும் கடலூரையும் கடல் வாரிச் சென்ற 2004 சுனாமிக்குப் பின், அந்தப் பதக்கத்தை இணையத்தில் ஏலம் விட்டு, கிடைத்த 17,101 டாலரை நிவாரணத்துக்குக் கொடுத்தார். நியூயார்க்கில் குழந்தைகளுக்கு நீச்சல் கற்பித்தார். பாதியில் நின்ற பட்டப்படிப்பை முடித்தார். பிறகு திரும்பி வந்து, 2016 ரியோவில் 35 வயதில் 21.40 நொடியில், பிரான்சின் ஃப்ளோரான் மனோதூவை நூறில் ஒரு நொடியில் முந்தி மீண்டும் தங்கம் வென்றார். வேறொரு வேலையும் படிப்பும் கையில் இருந்ததால்தான் அச்சமின்றித் திரும்பினார் என்பது என் எண்ணம்.

பொள்ளாச்சித் தாய்: மகனைப் பள்ளியிலிருந்து நிறுத்திவிட்டு முழுநேரப் பயிற்சிக்கு அனுப்பலாமா?

வேண்டாம் அம்மணி. 1988 சியோல் ஒலிம்பிக்கில் ஐந்து தங்கம் வென்ற அமெரிக்க நீச்சல் வீரர் மேட் பியான்டியே பின்னாளில் பள்ளியில் கணக்கு வாத்தியார் ஆனார்.

திருப்பூர் வாசகர்: எந்த வயதில் தொடங்கலாம்?

ஐந்து, ஆறு வயதில்.

பவானி வாசகர்: கிணற்றில் பழகியவனுக்கு நீச்சல் குளம் எதற்கு?

நானும் முதுகில் சுரைப்புருடை (மிதக்க உதவும் காய்ந்த சுரைக்குடுக்கை) கட்டிக் கிணற்றில் பழகியவன்தான். கிணறு நெஞ்சுரமும் மூச்சடக்கமும் தரும், நீளம் தராது. ஏழெட்டுக் கை போடுவதற்குள் எதிர்ச்சுவர் வந்துவிடும். மேட்டிலிருந்து காலை மடக்கிக் குதிப்பது வேறு, விரல் புகுந்த இடத்திலேயே தலையும் இடுப்பும் காலும் புகுமாறு பாய்வது வேறு. போட்டியில் பாய்ந்த பிறகு 15 மீட்டருக்குள் தலை நீருக்கு மேலே வந்தாக வேண்டும். அந்தத் தொலைவில்தான் பாதிப் பந்தயம் முடிகிறது. ஆனால் கீழ்பவானி வாய்க்காலில் பிள்ளைகளைத் தனியே இறங்க விடாதீர்கள்.

அந்தியூர் வாசகர்: எங்கள் கிணற்றுப் பையன்கள் நகரத்துப் பிள்ளைகளை முந்துவார்கள். பந்தயத்துக்குத் தயாரா?

பத்து மீட்டர் வரை முந்துவார்கள், ஒப்புக்கொள்கிறேன். மீதி நாற்பதுக்கு ஒரு நாள் அழைத்து வாருங்கள். நேரத்தை நானே எடுக்கிறேன். வழியில் வாய்க்காலில் இறங்கிவிட வேண்டாம்.

சேலம் வாசகர்: தோள்வலிக்கு என்ன மருந்து?

எலும்பு மருத்துவரைப் பாருங்கள்.

கரூர் வாசகர்: எந்த வயதில் தொடங்கலாம்?

மேலே திருப்பூர்க்காரருக்குச் சொல்லிவிட்டேன், ஐயா.