மலையில் எரிந்தது, வானில் ஏன் அணைந்தது?

கேள்வி: அமெரிக்காக்காரன் 1963-லேயே கிரையோஜெனிக் எஞ்சினை (கடுங்குளிரில் திரவமாக்கிய ஹைட்ரஜனையும் ஆக்சிஜனையும் எரிப்பது) பறக்கவிட்டான். நம்ம மகேந்திரகிரி இஸ்ரோ மையத்தில் சோதித்துத் தேறிய எஞ்சின் 2010-ல் ஏன் காலை வாரியது?
– வாசகர், பணகுடி

பதில்: 1963 நவம்பர் 27-ல் வென்றது சென்டார் என்ற ராக்கெட் அடுக்கு. நாம் 1991-ல் சோவியத்திடம் இந்தத் தொழில்நுட்பத்தையே விலை பேசினோம். அமெரிக்க நெருக்கடியில் 1993-ல் அது கைநழுவிப்போய், செய்துமுடித்த அடுக்குகள் மட்டும் கிடைத்தன. 2001 ஏப்ரல் 18-ல் கிளம்பிய முதல் ஜி.எஸ்.எல்.வி. ராக்கெட்டின் மேலடுக்கு ரஷ்யச் சரக்குதான்.

சொந்த எஞ்சின் ஏறியது 2010 ஏப்ரல் 15-ல். எஞ்சின் பற்றிக்கொண்டது. ஆனால் ஹைட்ரஜனைத் தள்ளும் பூஸ்டர் டர்போ பம்ப் உச்ச வேகத்தைத் தொட்ட கையோடு நின்றுவிட்டது. திரவ ஹைட்ரஜன் மைனஸ் 253 டிகிரி. அந்தக் குளிரில் பேரிங் ஒரு அளவு சுருங்கும், அதை மூடிய உறை வேறு அளவு சுருங்கும். நடுவே விட்ட மயிரிழை இடைவெளி போனால் சுழலும் தண்டு பிடித்துக்கொள்ளும். சீல் பக்கம் தண்டு இறுகியிருக்கலாம், அல்லது டர்பைன் உறை பிளந்திருக்கலாம் என்றது ஆய்வு.

அதன்பின் சுருக்கத்தைக் கணக்கில் வைத்து பம்ப்பை மாற்றினார்கள். வெற்றிடத்தில் பற்றுகிறதா என்று மகேந்திரகிரியில் தனியாகச் சோதித்தார்கள். தரையில் பற்றுவதை வைத்து அதைச் சொல்லிவிட முடியாது. 2013 ஆகஸ்ட் 19-ல் இரண்டாம் அடுக்கில் எரிபொருள் கசிந்து ஏவுதல் நின்றது (இந்தத் தடவை கிரையோ மேல் பழி இல்லை). 2014 ஜனவரி 5-ல் சொந்த எஞ்சினோடு போன ஜிசாட்-14 செயற்கைக்கோள் சுற்றுப்பாதை சேர்ந்தது. ஊரே சந்திரயானைக் கொண்டாடட்டும். எங்கள் கணக்கில் பெரிய நாள் இதுதான்.

கேள்வி: ஜி.எஸ்.எல்.வி. மார்க்-3 ராக்கெட்டின் சி.இ.-20 கிரையோ எஞ்சினைத் திறந்தவெளியில் நிறுத்தி எரித்துப் பார்த்தால் ஆகாதா?
– வாசகர், வள்ளியூர்

பதில்: அதன் நாசில் (வாயு பீறிடும் குழல்) வெற்றிடத்துக்காக அகட்டிச் செய்தது. வாய்ப்பக்கம் வாயு அழுத்தம் சுமார் 50 மில்லிபார்தான். வெளிக்காற்றோ சுமார் 1,000. காற்று உள்ளே நெருக்க, வாயு சுவரை விட்டுப் பிரியும். நாசில் உதறும், அங்கங்கே சூடேறும். ஆகவே காற்றை வெளியேற்றிய அறையில் எரிப்பது வழக்கம். செலவும் சிக்கலும் கூடுதல். நாசிலுக்குத் தனிப் பாதுகாப்பு அமைப்பு பொருத்தி 2024 நவம்பர் 29-ல் திறந்தவெளி அழுத்தத்திலேயே எரித்துக் காட்டிவிட்டார்கள்.

இந்த எஞ்சின் பூட்டிய முழு அடுக்கு 2017 ஜனவரி 25-ல் 50 வினாடி எரிந்தது. பிப்ரவரியில் 640 வினாடி, அதாவது வானில் எரியவேண்டிய முழு நேரம். ஜூன் 5-ல் பறந்தது.

கேள்வி: குலசையில் (குலசேகரப்பட்டினம்) எதற்கு இன்னொரு ஏவுதளம்?
– வாசகர், திசையன்விளை

பதில்: தெற்கே வெறும் கடல். ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து துருவப் பாதைக்குப் போனால் இலங்கையைச் சுற்றி வளையவேண்டும். அந்த வளைவுக்கே எரிபொருள் போய்விடும். எஸ்.எஸ்.எல்.வி. மாதிரிச் சின்ன ராக்கெட்டுக்கு அது தாங்காது. அதன் மூன்று அடுக்கும் திட எரிபொருள் என்பதால், மகேந்திரகிரியின் கிரையோ எஞ்சினுக்கு அதில் வேலை இல்லை.