ஹாஸ்கெல் மாதிரி புரோகிராமிங் மொழிகளில் கம்பைலர் (நாம் எழுதியதைச் சரிபார்த்து, ஓடக்கூடிய புரோகிராமாக மாற்றும் மென்பொருள்) தரும் பிழைச் செய்தி ஏன் புரியவே மாட்டேன் என்கிறது? அதைச் சரிசெய்ய முடியாதா?

முடியும். எல்ம் மொழிக்காரர்கள் 2015-லேயே இதற்கென்று உட்கார்ந்து வேலை செய்தார்கள். அதைப் பார்த்துத்தான் 2016-இல் ரஸ்ட் மொழியும் தன் செய்திகளை மாற்றி எழுதியது.

கடலூர் மஞ்சக்குப்பத்தில் எங்கள் மாடியில் குடியிருக்கும் கல்லூரித் தம்பி ஒருநாள் லேப்டாப்போடு இறங்கி வந்தார். "அண்ணா, கம்பைல் ஆகுது, ஓட மாட்டேங்குது." ஹாஸ்கெலில் அப்படி நடப்பது அபூர்வம் என்பதால் வாங்கிப் பார்த்தேன். பைத்தான் பழக்கத்தில் "வணக்கம்" என்பதையும் பெயரையும் + போட்டு ஒட்டியிருக்கிறார். ஸ்டிரிங்குக்கு (எழுத்துத் தொடருக்கு) எண்களுக்கான இன்ஸ்டன்ஸ், அதாவது அதை எண் மாதிரி எப்படிக் கூட்டுவது என்ற வரையறை, இல்லை என்றிருக்கிறது கம்பைலர். இல்லையென்றால் எழுதிவிட்டால் போச்சு என்று இவரே ஒன்றை எழுதி, + வந்தால் ++ (ஹாஸ்கெலில் ஸ்டிரிங்கை ஒட்டும் குறி) செய் என்று சொல்லிவைத்துவிட்டார். கம்பைலரும் வாயை மூடிக்கொண்டது (எச்சரிக்கையை எல்லாம் யார் படிக்கிறார்கள்!). அப்புறம் வேறோர் இடத்தில் கைதவறிப் பெயரோடு 5-ஐக் கூட்ட, அதுவும் தடையில்லாமல் கம்பைல் ஆகி, ஓடும்போது விழுந்தது. அந்த இன்ஸ்டன்ஸில் 5-ஐ ஸ்டிரிங்காக மாற்றும் ஃபங்ஷனை அவர் எழுதவே இல்லை.

அந்த முதல் செய்தியில் பொய் எதுவும் இல்லை. கம்பைலர் தன் கணக்கை ஒப்பித்தது, அவ்வளவுதான். இதே தப்புக்கு எல்ம், + எண்களுக்கு மட்டும்தான், ஸ்டிரிங்கை ஒட்ட ++ போடு என்று சொல்லிவிடும். எல்மில் நாமாக டைப்கிளாஸோ (இன்ஸ்டன்ஸுக்கு அடிப்படையான ஏற்பாடு) இன்ஸ்டன்ஸோ எழுத வழியில்லை, அதனால் அதற்கு இந்த ஊகம் சுலபம். ஹாஸ்கெலில் யாராவது நிஜமாகவே அப்படியொரு இன்ஸ்டன்ஸ் வேண்டும் என்று நினைக்கலாம் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

இன்னொரு தொல்லை, பிழை காட்டப்படும் இடம். நாம் டைப்பை (எண்ணா, ஸ்டிரிங்கா என்ற வகையை) எழுதாமல் விட்டால் கம்பைலர் தானே ஊகித்துக்கொண்டு போகும். இரண்டு ஊகங்கள் முட்டிக்கொள்ளும் வரியைத்தான் அதனால் காட்ட முடியும். புதுச்சேரி பஸ் என்று நினைத்துப் பண்ருட்டி பஸ்ஸில் ஏறியவருக்கு நெல்லிக்குப்பத்தில்தான் விஷயம் தெரியவரும், ஆனால் தப்பு நடந்தது கடலூர் பஸ் ஸ்டாண்டில். ஒவ்வொரு ஃபங்ஷனுக்கும் மேலே டைப் சிக்னேச்சர் (அது எந்த வகையை வாங்கி எந்த வகையைத் தரும் என்ற வரி) எழுதிவிடுங்கள், பெரும்பாலும் ஏறின இடத்திலேயே பிடிபட்டுவிடும்.

தம்பி இப்போது சிக்னேச்சரைத்தான் முதலில் எழுதுகிறார். அந்த இன்ஸ்டன்ஸை மட்டும் அழிக்க மனசு வரவில்லையாம்.