அப்பா சாப்பிடுவது ஒரே ஒரு பிரஷர் மாத்திரை. அமெரிக்காவில் முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேரில், மருந்துக்கான பார்ட் டி எடுத்தே ஆக வேண்டுமா?

எடுத்துவிடுங்கள். நான் எடுக்காமல் விட்டவன், அதனால்தான் இந்தப் பதில்.

உங்கள் அப்பாவும் கிரீன் கார்டில் வந்தவர் என்றே வைத்துக்கொள்கிறேன். என் அம்மாவும் அப்படித்தான். தொடர்ந்து ஐந்து வருடம் இருந்த பிறகு மெடிகேர் கிடைத்தது. டாக்டர் செலவுக்குப் பார்ட் பி வாங்கினேன். மருந்துக்கான பார்ட் டி எதற்கு என்று விட்டுவிட்டேன். அம்மாவுக்கும் ஒரே ஒரு பிரஷர் மாத்திரைதான். ஊருக்குப் போகும்போது பெட்டியில் ஆறு மாதத்துக்கு வாங்கி வந்துவிடுவார். (அது சரி என்று சொல்ல வரவில்லை, யாரும் சண்டைக்கு வர வேண்டாம்.)

2024 மார்ச்சில் அம்மாவுக்கு இதயத் துடிப்பு தாறுமாறானது. ரத்தம் உறையாமலிருக்க ஒரு மாத்திரை எழுதினார்கள். கடையில் அந்தப் பெண் கம்ப்யூட்டர் திரையைத் திருப்பிக் காட்டினாள்: மாதம் 600 டாலரை ஒட்டி. அம்மா என் முழங்கையைப் பிடித்து, "வேண்டாம்டா, வா போகலாம்" என்றார்.

சரி, அன்றே பார்ட் டி எடுத்துவிடலாம் என்றால் முடியாது. தகுதி வரும்போது கிடைக்கும் ஏழு மாத அவகாசத்தைத் தவறவிட்டால், பெரும்பாலும் அக்டோபர் 15 முதல் டிசம்பர் 7 வரைதான் சேர முடியும். கவரேஜ் ஜனவரி 1இல்தான் ஆரம்பிக்கும். அதுவரை கைக்காசுதான்.

அப்புறம் அபராதம். 30 மாதம் பார்ட் டி இல்லாமல் இருந்ததற்கு, மாதத்துக்கு 1 சதவீதம் வீதம், அடிப்படை பிரீமியத்தில் 30 சதவீதம். 2025இல் அடிப்படை 36.78 டாலர், ஆக மாதம் 11 டாலர் கூடுதல். 2026இல் அது 11.70. பார்ட் டி இருக்கும் வரைக்கும் இது கூடவே வரும். 'வருடம் 132 டாலருக்கா இந்தப் புலம்பல்' என்பீர்கள். மார்ச் முதல் டிசம்பர் வரை கட்டியதையும் கூட்டிப் பாருங்கள்.

நான் ஏஜென்ட் இல்லை, எதையும் விற்கவும் இல்லை. பட்டது இவ்வளவுதான்: பிரீமியம் குறைவு என்று மட்டும் பார்த்து எடுக்காதீர்கள். மெடிகேர் தளத்தில் மாத்திரையின் பெயர், மில்லிகிராம், வழக்கமான மருந்துக்கடை எல்லாம் போட்டால் ஒவ்வொரு பிளானிலும் வருடச் செலவு எவ்வளவு என்று வரும். கைக்காசுக்கு 2025இல் 2,000, 2026இல் 2,100 டாலர் என்று உச்சவரம்பு இருக்கிறது. ஆனால் பிளானின் பட்டியலில் இல்லாத மருந்துக்கு நாம் கொடுப்பது அந்தக் கணக்கில் சேராது. பட்டியல் வருடாவருடம் மாறும், அக்டோபரில் மறுபடி பாருங்கள். புரியவில்லை என்றால் ஒவ்வொரு மாநிலத்திலும் 'ஷிப்' என்ற இலவச ஆலோசனை இருக்கிறது.

கடைசியாக, கேள்விக்குச் சம்பந்தமில்லாத ஒன்று. ஊரில் இருக்கும் தம்பி அந்தப் பத்து மாதத்தில் ஒரு டாலர் தரவில்லை. "அமெரிக்காவில் உட்கார்ந்துகொண்டு அம்மா மாத்திரைக்குக் கணக்குப் பார்க்கிறாயே" என்று குடும்ப வாட்ஸ்அப் குழுவில் எழுதினான். அத்தைகள் எல்லாரும் அதற்கு லைக் போட்டார்கள். அம்மாவும்தான், கை தவறிப் பட்டுவிட்டதாம்.