எங்கள் பிள்ளை இன்னொரு சீருடையில்: வாசகர் கேள்வி பதில்

இம்மாதம் கிடைத்த கடிதங்களில் நான்கு ஒரே விடயத்தைப் பற்றியவையாக இருந்தன. அவை நான்கும் வன்னியின் வெவ்வேறு ஊர்களில் இருந்து வந்தவை. ஆகையால் மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்கு ஒதுக்கிவிட்டு, இவற்றுக்கு மட்டும் இம்முறை பதில் எழுதுகிறேன்.

கேள்வி: எங்கள் ஊர்க் கழகத்தில் 12 வயதில் இருந்து உதைபந்தாட்டம் விளையாடிய முன்கள வீரர் ஒருவர் இந்த ஆண்டு கொழும்புக் கழகம் ஒன்றில் சேர்ந்துவிட்டார். எங்களில் ஒருவருக்கும் அவர் சொல்லவில்லை. வேறு சீருடையோடு அவர் நிற்கும் படத்தை முகநூலில் பார்த்தே அறிந்துகொண்டோம். கோபம் கொண்ட இளைஞர்கள் கழகக் கட்டடத்தில் தொங்கிய அவருடைய படத்தைக் கழற்றிவிட்டார்கள். எனக்கும் கோபம்தான். ஆனால் சுவரில் மிஞ்சியிருக்கும் அந்த ஆணியைப் பார்க்கும்போது மனம் ஒப்பவில்லை. எங்கள் கோபம் நியாயமானதா?
– வாசகர், பரந்தன்

பதில்: உங்கள் கோபம் நியாயமானது. படத்தைக் கழற்றியது நியாயமானது என்று என்னால் சொல்ல முடியவில்லை. இரண்டுக்கும் காரணம் சொல்கிறேன்.

ஊர்க் கழகம் ஒன்றில் ஒரு சிறுவன் வீரனாக வளர்வது எப்படி என்பது உங்களுக்குத் தெரியும். யாரோ ஓர் அண்ணன் போட்டுக் கழித்த பூட்ஸின் நுனியில் பழந்துணியை அடைத்து, அதைக் காலில் இறுக்கிக் கட்டிக்கொண்டுதான் அவன் முதல் ஆட்டத்தில் இறங்குகிறான். சுற்றுப்போட்டிக்குப் போக லான்ட்மாஸ்டர் பெட்டியில் இடம் கொடுப்பவர் ஒருவர், விழுந்து முழங்கால் தேய்ந்தால் மருந்து கட்டுபவர் இன்னொருவர், சிறுபோகம் பொய்த்த வருடத்திலும் பந்து வாங்கக் காசு கொடுப்பவர் வேறொருவர். அவன் போடும் ஒவ்வொரு கோலிலும் இத்தனை பேருக்கும் ஒரு பங்கு இருக்கிறது. அதனால்தான் அவன் வேறு சீருடையில் நிற்கும்போது, நம் வீட்டுப் பொருள் ஒன்று அடுத்த வீட்டு முற்றத்தில் கிடப்பதைப் போலத் தோன்றுகிறது. பெற்ற மனம் பித்து என்பது தாய் தந்தையருக்கு மட்டும் சொன்னதாக நான் நினைக்கவில்லை.

மீள்குடியேற்றத்துக்குப் பின்னர் எங்கள் கழகம் மீண்டும் தலையெடுத்த காலத்தில், எங்களுக்கும் அப்படி ஒரு முன்கள வீரன் இருந்தான். அவன் பிரான்சுக்குப் போன பிறகு நடந்த முதல் ஆட்டம் இப்போதும் என் கண்முன்னே நிற்கிறது. எங்கள் இடது கரை வீரன் பந்தை எடுத்துக்கொண்டு ஓடினான். தலையைத் தூக்கிப் பார்க்காமலே, பழக்கத்தில், பெனால்டி எல்லையின் வலது மூலைக்குப் பந்தை அனுப்பினான். அங்கே ஒருவரும் இல்லை. பந்து தன்பாட்டில் உருண்டு, கோட்டைத் தாண்டி, பனையடி வேலியில் முட்டி நின்றது. மைதானத்தைச் சுற்றி நின்ற அத்தனை பேரும் ஒரு சொல்லும் பேசவில்லை. பிறகு அந்த இடது கரை வீரன் தானே ஓடிப்போய் அந்தப் பந்தை எடுத்துவந்து, எதிரணியின் கோல் காப்பாளரிடம் கொடுத்தான். அன்று நாங்கள் ஆட்டத்தில் தோற்றோமா வென்றோமா என்பது எனக்கு நினைவில்லை.

உங்கள் கடிதத்தில் இரண்டு குறைகள் ஒன்றாகக் கலந்திருக்கின்றன. அவர் போனது ஒன்று. சொல்லாமல் போனது மற்றொன்று. முதலாவதில் அவரைக் குற்றம் சொல்ல இடமில்லை. உதைபந்து விளையாடக்கூடிய காலம் ஒரு மனிதனுக்குப் பத்து, பதினைந்து ஆண்டுகள்தான். அதற்குள் சம்பளமும் நல்ல பயிற்சியும் தேசிய அணித் தெரிவாளர்களின் பார்வையும் கிடைக்கும் இடத்துக்குப் போகத்தான் வேண்டும். நம்முடைய மாவட்டங்களில் அவை இன்னும் கிடைப்பதில்லை. இரண்டாவது குறை அப்படிப்பட்டது அல்ல. பத்து வருடம் பந்து போட்டுத் தந்தவர்களிடம் பத்து நிமிடம் வந்து சொல்லியிருக்கலாம். உங்கள் கோபத்தை அந்தப் பத்து நிமிடத்தின் மேல் மட்டும் வையுங்கள். அதற்கு மேல் பரவ விடாதீர்கள்.

கோபம் பரவினால் என்ன நடக்கும் என்பதற்கும், அன்பு மிஞ்சினால் என்ன நடக்கும் என்பதற்கும் உலக உதைபந்தாட்டத்தில் இரண்டு நிகழ்ச்சிகள் இருக்கின்றன. 2000ஆம் ஆண்டு போர்த்துக்கல் வீரர் லூயிஸ் பிகோ ஸ்பெயினின் பார்சிலோனா கழகத்தை விட்டு, அக்கழகத்தின் பரம எதிரியான ரியல் மாட்ரிட்டுக்குப் போனார். ஒரு வீரரின் கழக மாற்றத்துக்காக அதுவரை உலகில் கொடுக்கப்பட்ட மிகப் பெரிய தொகை அதுதான். ஏறத்தாழ 60 மில்லியன் யூரோ. 2002 நவம்பரில் அவர் பார்சிலோனா மைதானத்தில் மூலை உதை எடுக்கப் போனபோது, முன்னர் அவருக்காகத் தொண்டை கிழியக் கத்தியவர்களின் பக்கத்தில் இருந்தே போத்தல்கள் வந்து விழுந்தன; ஒரு பன்றித் தலையும் வந்து விழுந்தது. நடுவர் ஆட்டத்தையே சிறிது நேரம் நிறுத்தவேண்டியதாயிற்று. அந்தக் கழகத்துக்காக அவர் ஆடிய ஐந்து ஆண்டுகளையும் இன்று பலர் அந்தப் பன்றித் தலையை வைத்தே நினைவுகூருகிறார்கள்.

மற்றையது இத்தாலிய வீரர் ரொபர்ட்டோ பாஜியோவின் கதை. 1990இல் இத்தாலியின் பியோரென்டினா கழகம் அவரை ஜுவென்டஸுக்கு விற்றபோது, புளோரன்ஸ் நகரத்து ரசிகர்கள் வீதியில் இறங்கிக் கலகம் செய்தார்கள், பலர் காயமடைந்தார்கள். ஆனால் அவர்களுடைய கோபம் விற்றவர்கள் மேல் இருந்தது. அடுத்த ஆண்டு ஏப்ரலில் பாஜியோ ஜுவென்டஸ் சீருடையுடன் அதே நகரத்துக்கு வந்தார். அவருடைய அணிக்கு ஒரு பெனால்டி கிடைத்தது. அதை உதைக்க அவர் முன்வரவில்லை. சக வீரர் ஒருவர் உதைத்தார், கோல் காப்பாளர் தடுத்துவிட்டார். பின்னர் பாஜியோ மாற்றப்பட்டு வெளியே நடந்தபோது, பார்வையாளர் பக்கத்தில் இருந்து பியோரென்டினாவின் ஊதா நிறக் கழுத்துத் துணி ஒன்று அவர் முன்னால் வந்து விழுந்தது. அவர் குனிந்து அதை எடுத்துக்கொண்டார். விட்டுப்போன வீரனுக்கும் விடப்பட்ட ஊருக்கும் இடையில் அதைவிடக் கூடுதலாக எதையும் எதிர்பார்க்க முடியுமென்று எனக்குத் தோன்றவில்லை.

இனிப் படத்துக்கு வருகிறேன். 2008இலும் 2009இலும் கிளிநொச்சிப் பக்கத்தில் இருந்து முல்லைத்தீவுக் கரை வரைக்கும் இடம்பெயர்ந்து போனபோது, நம்முடைய கழகங்கள் கிண்ணங்களையும் பதிவேடுகளையும் அணிப் படங்களையும் வழியிலேயே விட்டுவிட்டுத்தான் போயின. எங்கள் கழகத்தின் பழைய அணிப் படம் ஒன்றுகூட இன்று எங்களிடம் இல்லை. அதில் நின்றவர்களில் சிலர் உயிரோடும் இல்லை. முகம் நினைவில் இருக்கிறது. காட்டுவதற்குப் படம் இல்லை. இதை அனுபவித்த மண்ணில், கையில் இருக்கும் ஒரு படத்தை நாமாகவே கழற்றலாமா? அந்த ஆணி இன்னும் சுவரில் இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அவர் வந்து சொல்லாவிட்டாலும் பரவாயில்லை, படத்தைத் திரும்ப மாட்டுங்கள். அவர் உங்களுக்காக ஆடிய ஆண்டுகளை அதன் கீழே எழுதிவையுங்கள்.

கேள்வி: என் தம்பி லிவர்பூல் கழகத்தின் ரசிகன். 2025ஆம் ஆண்டு ட்ரென்ட் அலெக்சாண்டர்-ஆர்னல்ட் அக்கழகத்தை விட்டு ரியல் மாட்ரிட்டுக்குப் போனபோது இரண்டு நாள் ஒழுங்காகச் சாப்பிடவில்லை. கண்ணால் காணாத நாட்டில், பெயர்கூடத் தெரியாத இவனுக்காகவா அந்த வீரர் ஆடினார்? வீட்டில் எல்லோரும் இவனைப் பார்த்துச் சிரிக்கிறோம். இது ஒரு வகை வருத்தமா?
– வாசகி, முல்லைத்தீவு

பதில்: வருத்தம்தான், தங்கச்சி. சிரிப்பதை நிறுத்திவிடுங்கள்.

அந்த வீரர் லிவர்பூல் நகரத்திலேயே பிறந்தவர். ஆறு வயதில் அக்கழகத்தின் பயிற்சிப் பள்ளியில் சேர்ந்தவர். 2019இல் ஐரோப்பியக் கிண்ணத்தையும், 2020இலும் 2025இலும் இங்கிலாந்தின் பிரீமியர் லீக்கையும் அக்கழகத்தோடு வென்றவர். வெளியில் இருந்து வாங்கிய வீரன் போனால் ஒரு வலி. வீட்டில் பிறந்தவன் போனால் வேறு வலி. போவதாக அவர் அறிவித்த சில நாட்களில், 2025 மே 11ஆம் திகதி, சொந்த மைதானத்தில் ஆர்சனலுக்கு எதிராக இறங்கியபோது சொந்த ரசிகர்களே அவரைக் கூச்சலிட்டு அவமதித்தார்கள். இரண்டு வாரம் கழித்து, பருவத்தின் கடைசி ஆட்டத்தில், அதே மைதானம் அவரைக் கைதட்டி வரவேற்றது. இரண்டு வாரத்தில் ஒரு நகரமே தன் மனத்தை ஆற்றிக்கொண்டது என்றால், உங்கள் தம்பிக்கு இரண்டு நாள் கொடுப்பது பெரிய விடயமா?

அவருடைய ஒப்பந்தம் அந்த யூன் மாதத்தோடு முடிய இருந்தது. ஒப்பந்தம் முடிந்த வீரர், பழைய கழகத்துக்கு எவரும் பணம் எதுவும் கட்டாமல், விரும்பிய கழகத்துக்குப் போகலாம் என்ற உரிமை ஜான்-மார்க் பொஸ்மன் என்ற பெல்ஜிய வீரர் போராடிப் பெற்றுக்கொடுத்தது. 1990இல் ஒப்பந்தம் முடிந்த பின்னரும், அவருடைய பழைய கழகம் கேட்ட தொகை கிடைக்காததால், பிரான்சின் டன்கெர்க் கழகத்தில் சேர முடியாமல் அவர் தவித்தார். ஐரோப்பிய நீதிமன்றம் 1995 டிசம்பர் 15ஆம் திகதி அவர் பக்கம் தீர்ப்பு வழங்கியது; அதற்குள் அவருடைய விளையாட்டு வாழ்க்கை வீணாகிவிட்டது. மாட்ரிட் கழகம் ஒரு சிறு தொகை கொடுத்து அலெக்சாண்டர்-ஆர்னல்டைச் சில வாரங்கள் முன்னதாக எடுத்துக்கொண்டது என்பதைத் தவிர, அவர் செய்ததெல்லாம் அந்த உரிமைக்கு உட்பட்டதே. இதைத் தம்பியிடம் சொல்லுங்கள். ஆனால் முதலில் அவனைச் சாப்பிட விடுங்கள்.

தம்பி எதற்காக வருந்தினான் என்பதையும் ஒருமுறை கேட்டுப் பாருங்கள். அந்த வீரர் ஆடிய ஆட்டங்களை அவன் யாரோடு இருந்து, எந்த வீட்டில், எத்தனை மணிக்கு விழித்திருந்து பார்த்தான் என்று சொல்லுவான். அந்த இரவுகளும் சேர்ந்துதான் போய்விட்டன.

கேள்வி: நாங்கள் வளர்த்துவிட்ட வீரரை வேறு கழகம் எடுத்துக்கொண்டால் எங்களுக்கு ஏதாவது பணம் கிடைக்குமா? சர்வதேச விதி ஒன்று இருப்பதாகச் சொல்கிறார்கள்.
– கழகச் செயலாளர், ஒட்டுசுட்டான்

பதில்: விதி இருக்கிறது. ஒரு வீரர் ஒப்பந்தக் காலத்துக்குள் ஒரு நாட்டுச் சம்மேளனத்தின் கழகத்தில் இருந்து இன்னொரு நாட்டின் கழகத்துக்குப் பணத்துக்கு மாறும்போது, அந்தத் தொகையில் 5 வீதம் அவரை 12 வயதில் இருந்து 23 வயது வரை வளர்த்த கழகங்களுக்குப் பங்கிடப்பட வேண்டும் என்று உலக உதைபந்தாட்ட அமைப்பான பீஃபா விதித்திருக்கிறது. 12 முதல் 15 வயது வரையான ஒவ்வொரு ஆண்டுக்கும் கால் வீதம், 16 முதல் 23 வரையான ஒவ்வொரு ஆண்டுக்கும் அரை வீதம். ஒரு வீரர் 12 வயதில் இருந்து 19 வயது முடியும் வரை உங்களிடம் இருந்து, பிற்காலத்தில் 100,000 யூரோவுக்கு மாறினால், உங்கள் பங்கு 3,000 யூரோ.

ஊரில் இருந்து கொழும்புக்குச் சும்மா மாறும் வீரருக்கு இந்த விதியால் ஒரு சதமும் வராது. ஆனால் நாளைக்கு அவர் அங்கிருந்து வெளிநாட்டுக் கழகம் ஒன்றுக்கு விலை பேசப்பட்டால் வரலாம். அதற்கு ஒரே வழி, அவர் உங்கள் கழகத்தின் வீரராக லீக் வழியே சம்மேளனத்தில் ஆண்டுதோறும் பதியப்பட்டிருப்பது. மாலையில் மைதானத்தில் பந்து உதைத்தார் என்பதற்கு ஊரே சாட்சி சொன்னாலும் அது கணக்கில் வராது. இந்த வருடத்துப் பதிவுகளை அனுப்பிவிட்டீர்களா? அனுப்பாவிட்டால், பணத்தைப் பற்றி யோசிப்பதற்கு முன்னர் அதைச் செய்யுங்கள்.

கேள்வி: எனக்கு 19 வயது. வெளி மாவட்டக் கழகம் ஒன்று என்னை அழைத்திருக்கிறது; வேலையும் எடுத்துத் தருவதாகச் சொல்கிறார்கள். எங்கள் கழகத்து அண்ணன்மாரின் முகத்தைப் பார்த்து இதைச் சொல்ல எனக்குத் துணிவில்லை. சொல்லாமல் போய்விட்டுப் பிறகு தொலைபேசியில் சொல்லலாமா?
– வாசகர், மாங்குளம்

பதில்: வேண்டாம் தம்பி. இந்தப் பக்கத்தின் முதல் கடிதத்தைப் படித்துப் பாருங்கள். நீங்கள் தொலைபேசியில் சொல்ல நினைப்பதை அவர்கள் அதற்கு முன்னரே முகநூலில் பார்த்துவிடுவார்கள்.

முதலில் வேலை பற்றிய வாக்கை எழுத்தில் வாங்குங்கள். பிறகு, பயிற்சி நடக்கும் ஒரு மாலையில் நேரத்தோடே மைதானத்துக்குப் போங்கள். பயிற்றுநரிடம் தனியே சொல்லுங்கள். அவருக்குத் தெரிந்த பிறகுதான் மற்றவர்களுக்குத் தெரியவேண்டும். சிலர் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள், ஒருவர் கடுமையாகவும் பேசுவார். பதில் பேசாமல் கேட்டுக்கொண்டு நில்லுங்கள். உங்களுக்குப் பந்து போட்டுத் தந்தவர்களுக்கு அந்த அளவு உரிமை உண்டு. அன்றைய பயிற்சியில் வழக்கம்போல ஆடுங்கள். முடிந்ததும் வலையைக் கழற்றிச் சுருட்ட நீங்களும் கை கொடுங்கள்.

கழகத்தின் சீருடையைத் துவைத்து மடித்துக் கொண்டுபோய்க் கொடுங்கள். அவர்கள் வைத்திருக்கச் சொன்னால் வைத்திருங்கள். விடுவிப்புக் கடிதத்தைக் கேட்டு வாங்குங்கள். நீங்கள் அங்கே ஆடிய ஆண்டுகளை அதில் எழுதச் சொல்லுங்கள். அது உங்களுக்கும் தேவைப்படும், ஒட்டுசுட்டான் செயலாளருக்குச் சொன்ன காரணத்தால் அவர்களுக்கும் தேவைப்படும். செயலாளரிடம் வீரர் பதிவேடு இருந்தால் அதைத் திறக்கச் சொல்லி, உங்கள் பெயருக்கு எதிரே போகும் திகதியை உங்கள் கையாலேயே எழுதிக் கையொப்பமிட்டுவிட்டுப் போங்கள்.