சர் சி. வி. ராமன் சந்திரசேகருக்கு மாமாவா, சித்தப்பாவா?

சித்தப்பா. "விண்வெளி விஞ்ஞானி சந்திரசேகரின் மாமா சர் சி. வி. ராமன்" என்று உங்கள் மகன் பள்ளிச் சுவரொட்டியில் எழுதிய வரியை ஆசிரியர் தவறு என்று வட்டம் போட்டது சரிதான். சந்திரசேகரின் அப்பா சுப்ரமணியனுக்கு ராமன் தம்பி.

தவறு பெரும்பாலும் ஆங்கிலப் பக்கத்தில் இருந்த 'அங்கிள்' என்ற சொல்லால் வந்திருக்கும். நம் ஊரில் காப்பிக்கடைக்காரரும் அங்கிள், டாக்சி ஓட்டுபவரும் அங்கிள். தொடக்கநிலை 5 பையன் அதை மாமா என்று எழுதியதில் ஆச்சரியமில்லை.

மகனையே சரிபார்க்கச் சொல்லுங்கள்:

1. முதலெழுத்துகளை விரித்து எழுதட்டும். சி. வி. ராமனில் 'சி' அவருடைய அப்பா சந்திரசேகரன். எஸ். சந்திரசேகரில் 'எஸ்' சுப்ரமணியன். தாத்தா பெயர்தான் பேரனுக்கு.
2. தாத்தா, அவருக்குக் கீழே இரண்டு மகன்கள், மூத்தவருக்குக் கீழே பேரன் என்று கோடு போட்டால் விடை தானாக விழும்.

சுவரொட்டியைத் திருத்தும்போது இன்னொன்றையும் பார்த்துவிடுங்கள். நோபெல் பரிசு ராமனுக்கு 1930இல், சந்திரசேகருக்கு 1983இல், அதுவும் வில்லியம் ஃபவுலருடன் பகிர்ந்து. சந்திரசேகர் 1953இலேயே அமெரிக்கக் குடிமகனாகிவிட்டார். அதனால் இருவரையும் 'நோபெல் வென்ற இந்தியக் குடிமக்கள்' என்று சேர்த்து எழுத வேண்டாம்.

இடம் மிச்சமிருந்தால் சந்திரசேகர் போன கப்பலின் படத்தை வரையச் சொல்லுங்கள். 1930இல் இங்கிலாந்துக்குப் போகும் வழியில், பத்தொன்பது வயதில், வெள்ளைக் குறுமீனின் (எரிபொருள் தீர்ந்து சுருங்கிப்போன விண்மீனின்) எடைக்கு ஒரு வரம்பு உண்டு என்று கணக்குப் போட்டவர் அவர். இன்றைய கணக்கில் அந்த வரம்பு சூரியனின் எடையைப் போல சுமார் 1.4 மடங்கு.